முத்தத்தின் மேல் போட்ட பழி

உதட்டில் முத்தம் கொடுத்தால் பால்வினை நோய் தொற்றிக்கொள்ளும் என்று நம் ஊரில் படித்தவர்களே நம்புகிறார்கள். பேருந்தில் பின்சீட்டுப் பேச்சாகக் கேட்டிருக்கிறேன். கல்லூரி விடுதியில் கேட்டிருக்கிறேன். கல்யாணம் நிச்சயமான பையன்கள் குரலைத் தாழ்த்தி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பால்வினை நோய் ஆலோசகராகப் பதினோரு வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வரும் அச்சங்களில் இதைப் போல ஆதாரம் குறைந்ததும் இல்லை, இதைப் போல ஆளை அரிப்பதும் இல்லை. அதனால்தான் இதை மறுத்து எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உமிழ்நீரில் கிருமி இருக்கிறது. எச்ஐவி கிருமியைக்கூட உமிழ்நீரில் கண்டிருக்கிறார்கள். சில பால்வினை நோய்கள் வாயிலும் தொண்டையிலும் வருவதை மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். முத்தத்தால் தொற்றும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும் அறவே இல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, பயந்து ஒதுங்குவதால் என்ன நஷ்டம்? பயம் இருந்தால் பிள்ளைகள் எல்லை தாண்ட மாட்டார்கள், அது நல்லதுதானே? இப்படிச் சொல்பவர்கள் முட்டாள்கள் அல்லர். பெரும்பாலும் பிள்ளைகளின் மேல் அக்கறை உள்ள பெற்றோர்களும் ஆசிரியர்களும்தான். சில சமயம் மருத்துவர்களும் உண்டு. ஆனாலும் இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் உளுத்துப்போனது.

படிகளுக்குப் போகுமுன் ஒருவனைக் காட்ட வேண்டும்.

போன ஆடி மாதம் வந்தான். வயது 23. கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் ஏழு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். நான்கு வெவ்வேறு லேப்களில் எடுத்தவை, தேதி வரிசைப்படி அடுக்கி ஓரம் மடங்காமல் வைத்திருந்தான். ஏழிலும் தொற்று இல்லை என்றே இருந்தது. “சார், லேப்ல தப்பா வர சான்ஸ் இருக்கா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. என்ன நடந்தது என்றேன். கூட வேலை பார்க்கும் பெண்ணை ராத்திரி பஸ் ஏற்றிவிடப் போனபோது ஒரு முத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த ஒரு முத்தத்துக்குப் பிறகு ஐந்து மாதமாக அவன் வீட்டில் தனக்கென்று ஒரு தம்ளரைப் பிரித்து வைத்திருக்கிறான். அக்கா குழந்தையைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். ஏழு கிலோ இளைத்துவிட்டான். இளைத்ததையும் நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டான். விடிந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, துண்டால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பான். “அடி நாக்குல கட்டி கட்டியா இருக்கு சார்.” காட்டச் சொன்னேன். நாக்கின் வேருக்கு முன்னால் வளைவாக வரிசை கட்டி நிற்கும் சுவை மொட்டுகள் பொதிந்த மேடுகள் அவை. பெரும்பாலும் எல்லோருக்கும் எட்டு முதல் பன்னிரண்டு வரை இருக்கும். பிறந்ததிலிருந்து அவன் வாயில் இருப்பவைதான். பயம் வந்த பிறகுதான் அவற்றை முதன்முதலாகப் பார்த்திருக்கிறான்.

ஏழு காகிதங்கள் சொல்லியும் அடங்காத இந்தப் பயத்தை அவனுக்குள் ஊட்டியது யார்? மேலே சொன்ன வாதம்தான். இனி அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. கிருமி இருப்பதும் கிருமி தொற்றுவதும் ஒன்றா?

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதால் வயல் நனைந்துவிடாது. எச்ஐவி தொற்ற வேண்டுமானால் போதுமான அளவு கிருமி, உயிரோடு, உடலுக்குள் போகும் வழியோடு சேர வேண்டும். ரத்தத்திலும் விந்திலும் பெண்ணுறுப்புத் திரவத்திலும் தாய்ப்பாலிலும் அந்த அளவு இருக்கிறது. உமிழ்நீரில் இருப்பது அற்பம். அதோடு உமிழ்நீர் சும்மாவும் இருப்பதில்லை. அதிலுள்ள சில புரதங்கள் கிருமியை முடக்குகின்றன. உமிழ்நீரில் உப்பு குறைவு என்பதால் கிருமியைச் சுமந்துவரும் செல்கள் அதில் ஊறி வெடித்துவிடுகின்றன. வாய் என்பது தினமும் ஆயிரம் கிருமிகளைச் சந்தித்துப் பழகிய இடம். தற்காப்பு இல்லாமல் அது படைக்கப்படவில்லை.

நாற்பது ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். 1985-ல் ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சனுக்கு எய்ட்ஸ் என்று உலகத்துக்குத் தெரிந்தபோது, அதற்குச் சில மாதம் முன் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அவர் லிண்டா ஈவன்ஸுக்குக் கொடுத்த முத்தம்தான் பெரிய பேச்சானது. அமெரிக்க நடிகர் சங்கம் வாய் திறந்த முத்தக் காட்சிகளை உடல்நல ஆபத்தாகக் கருதி, நடிகர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. லிண்டா ஈவன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1991-ல் இத்தாலியின் காலியாரி நகரில் நோயெதிர்ப்பியல் மருத்துவர் பெர்னாண்டோ அயூட்டி, எச்ஐவி உள்ள ரொசாரியா யார்தினோ என்ற இளம்பெண்ணின் உதட்டில் புகைப்படக்காரர்கள் முன்னிலையில் முத்தமிட்டார். முத்தத்தால் பரவும் என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகளுக்கு அவர் சொன்ன பதில் அது. அவருக்கும் எதுவும் தொற்றவில்லை.

ஆதாரமாக எதிர்த்தரப்பு காட்டக்கூடிய ஒன்றே ஒன்று 1997-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட ஒரு ஜோடியின் கதை. ஆணுக்கு எச்ஐவி, பெண்ணுக்கும் பிறகு வந்தது. இருவருக்குமே ஈறு நோய். பல் துலக்கினால் அந்த ஆணுக்கு ரத்தம் வரும், அதன் பிறகும் ஆழமாக முத்தமிடும் வழக்கம் இருந்தது. மையம் ஆராய்ந்து, கடத்தியது உமிழ்நீராக இருக்க வாய்ப்பில்லை, ரத்தமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. உலகம் முழுக்க எத்தனை கோடி முத்தங்கள்! அத்தனைக்கும் நடுவில் தோண்டி எடுத்த அந்த ஒரு சம்பவமும் ரத்தத்தைத்தான் கைகாட்டுகிறது. ஈறில் ரத்தம் வழிகிறவர்கள் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தவிர அதிலிருந்து வேறு பாடம் எடுக்க முடியாது.

2. எல்லா நோயையும் ஒரே மூட்டையில் கட்டியது யார்?

‘பால்வினை நோய்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிருமிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்கு உண்மையாக இருப்பதை எல்லாவற்றின் மேலும் ஏற்றுவதில்தான் இந்தப் பயம் பிழைக்கிறது. பிரித்துப் பார்க்கிறேன்.

எச்ஐவி: முத்தத்தால் தொற்றாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி எச்ஐவியைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றக்கூடியது. அது உமிழ்நீரிலும் காணப்படுகிறது. அப்படியிருந்தும் முத்தத்தாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவுவதாகக் காட்டப்படவில்லை. அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கே போடுகிறார்கள்.

சிபிலிஸ், அதாவது மேகப்புண்: உதட்டிலோ வாயிலோ புண் இருக்கும் நிலையில் அந்தப் புண் நேராகப் பட்டால் தொற்றலாம். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி வருவது அரிது. பெரும்பாலும் அது உடலுறவால்தான் பரவுகிறது. எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகும்.

வெட்டை நோய்: எதிர்த்தரப்புக்கு இதில்தான் சற்று பலம் இருக்கிறது. 2019-ல் மெல்போர்னில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடையே நடத்திய ஓர் ஆய்வு, பலரோடு ஆழமாக முத்தமிடுகிறவர்களுக்குத் தொண்டையில் வெட்டை அதிகம் இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அது சொன்னது தொண்டை வெட்டையைப் பற்றி, பல துணைகள் உள்ளவர்களைப் பற்றி. பஸ் நிறுத்தத்தில் ஒரு முத்தம் கொடுத்த பையனுக்கு எச்ஐவி வரும் என்று அதில் எந்த வரியும் இல்லை. பல துணைகள் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொண்டையையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்ல அது உதவும். அவர்களைப் பயமுறுத்த உதவாது.

அடுத்தது ஹெர்பிஸ். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முத்தத்தால் நிஜமாகவே பரவுவது இதுதான். உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வருமே, காய்ச்சல் விட்ட மறுநாள், வெயிலில் அலைந்த மறுநாள்? ‘சூட்டுக் கொப்புளம்’ என்போம். ‘ராத்திரி பூச்சி ஏதோ நக்கிட்டுப் போயிருக்கு’ என்று பாட்டி மஞ்சள் தடவுவார். அது பெரும்பாலும் ஹெர்பிஸ் முதல் வகைக் கிருமி. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில், ஏறக்குறைய 380 கோடிப் பேர், இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்போது வந்தது? குழந்தையாக இருந்தபோது. யாரிடமிருந்து? அம்மா, அத்தை, தாத்தா, பாட்டி என்று கொஞ்சிய உறவுகளிடமிருந்து. அந்த முத்தங்களை யாரும் பால்வினை என்று சொன்னதில்லை. அதே கிருமி இருபது வயதில் காதலி உதட்டிலிருந்து வந்தால் மட்டும் அதற்குப் பெயரும் மாறுகிறது, முகமும் மாறுகிறது. கிருமி மாறவில்லை.

முத்தத்தில் உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஓரிடமும் இங்கேதான் இருக்கிறது: பச்சைக் குழந்தை. பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு ஹெர்பிஸ் தொற்றினால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும், உயிருக்கே ஆபத்து. உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் அது காய்ந்து உதிரும்வரை தொட்டிலில் குனிந்து முத்தமிடக் கூடாது. இதைச் சுவரில் எழுதி வைத்த மருத்துவமனைகள் நம் ஊரில் எத்தனை? பிள்ளை பார்க்க வருகிறவர்களை உதட்டைக் காட்டச் சொல்லும் துணிவு எத்தனை தாய்மார்களுக்கு இருக்கிறது? பயப்பட வேண்டிய இடத்தில் பயமே இல்லை. அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்து வேறொரு முத்தத்தின் தலையில் கொட்டியிருக்கிறோம்.

3. ‘அறவே இல்லை என்று எழுதிக் கொடுங்கள்’ என்பது நியாயமான கேள்வியா?

இந்தக் கேள்வியை எந்த மருத்துவரிடம் கேட்டாலும் அவர் தயங்குவார். தயங்குவது அவருடைய நேர்மை. அந்தத் தயக்கத்தை ஆபத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொள்வது நம் தவறு. தெருவில் நடக்கும்போது தேங்காய் தலையில் விழாது என்றும் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அதற்காகத் தென்னந்தோப்பு உள்ள ஊரில் யாரும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. எச்ஐவி உள்ளவர் அதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால்கூட அவரிடமிருந்து தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் 782 ஆண் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குத் தொற்று இருந்தது, மற்றவருக்கு இல்லை. ஆணுறை இல்லாமல் 76,000 தடவைக்கு மேல் உறவு நடந்திருக்கிறது. துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. உடலுறவுக்கே இப்படியிருக்க, முத்தத்துக்கு முன்னால் நின்று உத்தரவாதம் கேட்பவர்கள் எந்த ஆண்டில் வாழ்கிறார்கள்?

பரிசோதனைக்கும் இது பொருந்தும். நோய் நுழைந்திருந்தால் புதிய தலைமுறை லேப் பரிசோதனை 45 நாளில் காட்டிவிடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் துரிதப் பரிசோதனைக்கு மூன்று மாதம் போதும். ஐந்து மாதம் கழித்து எடுத்த ஏழாவது ரிப்போர்ட், அந்தக் கெடு தாண்டி எடுத்த முதல் ரிப்போர்ட்டைவிட அதிகமாக எதையும் சொல்லிவிடாது. அந்தப் பையனிடம் நான் இதைச் சொன்னபோது, “எட்டாவது எடுத்தா நிம்மதியாயிடும் சார்” என்றான். எடுத்தால் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஒன்பதாவது. சந்தேகத்துக்குத் தீனி போட்டால் அது வளரத்தான் செய்யும். அவனுக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர். அந்தப் பெயரைச் சொன்னதும் எச்ஐவி என்று சொன்னதைவிட அதிகமாகத் திடுக்கிட்டான். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

4. ‘பயந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை’ என்பவர்கள் எந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள்?

நான் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன். கணவனை இழந்த பெண், வயது 34. கூட்டு மருந்தை ஒருநாள்கூடத் தவறவிடாதவர். ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மருந்துச் சீட்டு விஷயமாகப் போயிருந்தேன். அவர் காபி போட்டுக்கொண்டு வந்தார். தம்ளர் என் கைக்கு வருமுன் மாமியார் வேகமாக வந்து, “இருங்க சார், நான் வேற போட்டுத் தரேன்” என்று அதை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சமையற்கட்டு மேடையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டைக் காட்டினார். அடிப்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. தேய்த்துக் கழுவி அது மங்கும்போதெல்லாம் மாமியார் மறுபடி வைத்துவிடுவாராம். “அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன் சார். எச்சில்ல வரும்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். கேட்கும்போது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். “பாப்பாவுக்கு முத்தம் குடுக்கலாமா சார்?” மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாகக் குழந்தையின் கன்னத்தில்கூட உதட்டை வைத்ததில்லை. முத்தத்தால் வரும் என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டு வருடத்தை யாருடைய கணக்கில் எழுதப் போகிறார்கள்?

எச்சில் என்பது நம்மிடம் வெறும் உமிழ்நீர் இல்லை. எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் பண்டம் என்று அதற்கென்று ஒரு பெரிய தீட்டு அகராதியே வைத்திருக்கிறோம். வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் வளர்க்கிறோம். அதே எச்சிலைக் காரணம் காட்டித்தான் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் தனிக் குவளை வைத்திருந்தோம். அந்தச் சிவப்புப் பொட்டுத் தட்டைப் பார்த்தபோது எனக்கு அந்த இரட்டைக் குவளைதான் நினைவுக்கு வந்தது. தீட்டு பழையது, கிருமி என்ற பெயர் மட்டும் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. எச்ஐவி உள்ளவரை வீட்டிலும் வேலையிடத்திலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேறுபடுத்தக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 2003-லேயே அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கேரளத்தில், பள்ளியில் ஒதுக்கப்பட்ட எச்ஐவி உள்ள இரண்டு குழந்தைகளைக் கேமராக்களுக்கு முன் கட்டியணைத்துக் காட்டினார். தட்டின் பொட்டு மட்டும் இன்னும் அழியவில்லை.

நஷ்டம் இதோடு முடியவில்லை. முத்தத்துக்குப் பயந்து ஏழு பரிசோதனை எடுத்தவனைச் சொன்னேன். அவனுக்கு நேரெதிராக, ஆணுறை இல்லாமல் பலமுறை உறவு கொண்டும் ஒரு பரிசோதனைகூட எடுக்காத ஆட்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். “முத்தம் குடுக்கல சார், அதெல்லாம் அண்டவிட மாட்டேன்” என்று ஒருவர் பெருமையாகவே சொன்னார். ஆபத்து வாயில் இருப்பதாக நம்பி வாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தவறான இடத்தில் காவல் போட்டால் திருடனுக்கு வேறு வாசல் திறந்துதான் கிடக்கும்.

5. பயம் ஒழுக்கத்தைக் காப்பாற்றியதா?

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்ததில் ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான், நம் ஊரில்தான். அதன் பிறகு நாம் சுவரெங்கும் எழுதியது என்ன? மண்டையோடும் ‘ஒருவனுக்கு ஒருத்தி’யும். எய்ட்ஸ் என்ற சொல்லுக்கு முன் ‘உயிர்க்கொல்லி’ என்று சேர்க்காமல் பத்திரிகைகள் எழுதியதில்லை. சில இன்றும் அப்படியே எழுதுகின்றன. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊர் ஊராகக் கேள்வி கேட்ட விளம்பரம், பேச வைத்தது என்ற வகையில் நல்ல வேலை செய்தது. ஆனால் புள்ளிராஜா யார், எப்படி வரும் என்ற விவரம் பல பேர் மனதில் தங்கவில்லை. பயம் மட்டும் தங்கியது.

அந்த ஒழுக்கப் பயத்தின் பலனைச் சென்னையில் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் ஆய்வே சொன்னது. தொற்றோடு வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத இல்லத்தரசிகள். ஒருவனுக்கு ஒருத்தி என்ற வாசகத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அறிவுரை இல்லை. ஆணுறையும், கணவனின் பரிசோதனை முடிவும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும். அந்த மூன்றையும் கொடுக்காமல் முத்தத்தைப் பற்றி மட்டும் மிரட்டிக்கொண்டிருந்தோம்.

2007 ஏப்ரலில் டெல்லியில் லாரி ஓட்டுநர்களுக்கான எய்ட்ஸ் விழிப்புணர்வு மேடையில் ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியர் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியின் கன்னத்தில் முத்தமிட்டார். நாடு முழுக்கக் கொடும்பாவி எரிந்தது, வழக்குகள் பாய்ந்தன. ஷில்பா ஷெட்டி அந்த வழக்கிலிருந்து விடுபட 2022 ஜனவரி ஆனது. அந்த மேடை எதற்காகப் போடப்பட்டது என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? நோயைப் பற்றிய கவலை நமக்கு உண்மையாகவே இருந்திருந்தால் மறுநாள் பேச்சு அந்த ஓட்டுநர்களைப் பற்றி, ஆணுறையைப் பற்றி இருந்திருக்கும். பேசியதெல்லாம் கன்னத்தைப் பற்றி. முத்தத்தின் மேல் இருக்கும் கோபம் கிருமியால் வந்த கோபம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பயம் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு: அது ஆளைப் பரிசோதனை அறைக்கு வரவிடாது. வந்தால் ‘தப்பு பண்ணியவன்’ ஆகிவிடுவோமோ என்ற எண்ணம். நம்பிக்கை மையம் எனப்படும் அரசுப் பரிசோதனை மையத்தில் பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது, 1097 என்ற எண்ணில் கூப்பிட்டால் பேசுவார்கள். கூட்டு மருந்து 2004-லிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதன்முதலில் கொடுத்த இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இவ்வளவு இருந்தும் நோய் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், நடுவில் நின்று தடுத்தது எது?

6. கடைசியில் பழி யார் தலையில் விழுகிறது?

மேகப்புண்ணுக்குத் தமிழில் ‘பறங்கிப் புண்’ என்று இன்னொரு பெயர் உண்டு. பறங்கியர் கொண்டுவந்த வியாதி என்று பொருள்; அதற்குச் சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகைக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர். இதே நோயை இத்தாலியர்கள் பிரெஞ்சு வியாதி என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் வியாதி என்றார்கள், ரஷ்யர்கள் போலந்து வியாதி என்றார்கள். நோய் எப்போதும் அடுத்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். நாடுகள் செய்ததை ஆட்களும் செய்கிறார்கள். முத்தத்துக்குப் பயப்படும் ஒவ்வொரு ஆணின் கதையிலும் எதிரில் ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் நோய் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: அவள் முத்தம் கொடுத்தாள். கொடுத்ததால் அவள் ‘அப்படிப்பட்டவள்’. அப்படிப்பட்டவள் என்பதால் நோய் இருக்கும். வட்டத்தில் எங்குமே மருத்துவம் இல்லை.

அந்தப் பையனிடம் கடைசியாக அவளைப் பற்றித்தான் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசியும் அவள் பெயர் ஒருமுறைகூட அவன் வாயில் வரவில்லை.

“அந்தப் பொண்ணு எப்படிப்பா இருக்கு?”

“தெரியல சார். நம்பரை பிளாக் பண்ணிட்டேன்.”

“ஒரே ஆபீஸ்தானே?”

“நைட் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிட்டேன் சார். பார்க்க வேணாம்னு.”

“ஏன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து மாதத்தில் அவன் தன் நாக்கைப் பற்றி யோசித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவளைப் பற்றி யோசித்திருக்கவில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். “அவ என்ன நினைச்சிருப்பா சார்?” என்றான். எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்கச் சொன்னேன்.

எழுந்தபோது, அந்தப் பையை இங்கேயே வைத்துவிட்டுப் போ, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். ஏழு காகிதங்களையும் மறுபடி தேதி வரிசைப்படி சரிபார்த்து, பைக்குள் வைத்து, எடுத்துக்கொண்டுதான் போனான்.